புதுக் கொப்புளம் எழுந்தால் உடனே வரவும்

ஆகஸ்ட் 18

ஓசூரில் எங்கள் பிஸ்கட் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஹிஸ்டரி கார்டு உண்டு. எப்போது நின்றது, எதனால் நின்றது, எதை மாற்றினோம், யார் மாற்றினார்கள். என் வாய்க்கு அப்படி ஒன்று கிடையாது. இன்று டாக்டர் "எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்டபோது "கொஞ்ச நாளா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மெயின்டனன்ஸ் இன்ஜினியர் சொல்கிற பதிலா இது? ஆப்பரேட்டர் எவனாவது இப்படிச் சொன்னால் கிழித்துத் தொங்கவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

நிலவரம்: இடது கன்னத்தின் உள்பக்கம். முதலில் நீர்க்கொப்புளம், மிளகளவு. மறுநாள் பட்டாணி. அப்புறம் உடையும். மேல்தோல் பாலாடை மாதிரி உரிந்து வரும். அடியில் செக்கச்செவேல் என்று இருக்கும். ஆறுவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று. மே மாதம் எனக்கும் ஈஸ்வரிக்கும் கல்யாணம், ஜூனில் ஆரம்பம்.

டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பி காம்ப்ளெக்ஸ், தடவ ஒரு ஜெல். "புதுசா கல்யாணம் ஆனவரா? ராத்திரி நல்லா தூங்குங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேன்டீனில் ஆளுக்கொரு வைத்தியம். மணத்தக்காளிக் கீரை, கொய்யாக் கொழுந்து, தேங்காய்ப்பால். "சூடு சார், ஓவன் பக்கமே நிக்கறீங்கல்ல" என்றான் மாதப்பன், இரண்டாம் லைன் ஆப்பரேட்டர். அவனும்தான் இத்தனை வருஷமாக ஓவன் பக்கம் நிற்கிறான். அவன் வாய் நன்றாகத்தான் இருக்கிறது, ஓயாமல் பேசுகிறது.

வாய்ப்புண் என்று சொல்லாதீர்கள், கொப்புளம் என்று சொல்லுங்கள் என்றால் யாருக்கும் புரியவில்லை.

ஆகஸ்ட் 21

தெருமுனை மெடிக்கலில் கேட்டேன். அண்ணன் கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு அட்டையில் கொஞ்சம், இன்னொரு அட்டையில் கொஞ்சம் வெட்டி, டப்பாவிலிருந்து சின்ன வெள்ளை மாத்திரையையும் எண்ணிப் போட்டுக் காகிதக் கவரில் மடித்துக் கொடுத்தார்.

"காலைல ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. சாப்ட்டுட்டுப் போடு."

"என்ன மாத்திரைண்ணே?"

"வாய்ப்புண் செட்டுப்பா. போட்டுப் பாத்துட்டு வந்து பேசு."

ஆகஸ்ட் 24

சுத்தமாக ஆறிவிட்டது. எம்.பி.பி.எஸ். படித்தவர் அந்த அண்ணனிடம் பாடம் கேட்கலாம்.

செப்டம்பர் 3

திரும்ப வந்துவிட்டது. இந்த முறை கீழ் உதட்டின் உள்ளே, ஒன்று அண்ணத்தில்.

பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பல் கூர்மையாக இருந்து குத்துகிறது என்று சொல்லி ராவிவிட்டார். கடைவாய்ப் பல் எப்படி ஐயா அண்ணத்தைக் குத்தும் என்று கேட்டேன். "நீங்க டாக்டரா நான் டாக்டரா?" என்றார். சரிதான்.

செப்டம்பர் 5

ஹாலில் படுத்தேன். அங்கே ஃபேன் நன்றாக ஓடுகிறது.

எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்கொண்டேன். அடியில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன், மாறிவிடக் கூடாது என்று. இன்டர்நெட்டில் வாய்க்கொப்புளம் என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் தொற்றுகிற வகைதான். தெரியாத வரைக்கும் பிரித்து வைப்பதுதான் முறை. ஒரு லைனில் கரன்ட் கசிகிறது என்று சந்தேகம் வந்தால் முதலில் துண்டிப்போம், பிறகுதான் ஆராய்ச்சி.

ஈஸ்வரி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா?"

"ஆமா."

செப்டம்பர் 9

இரண்டாம் லைன் ஓவன் மூன்றாவது முறையாக ட்ரிப் ஆகி நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் மாதப்பன் ரீசெட் பட்டனை அமுக்கி ஓட்டிவிட்டான். என்ன அலாரம் வந்தது என்றால் "ஏதோ செவப்பா வந்துச்சு சார்" என்கிறான்.

"நான் வர்ற வரைக்கும் கை வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது?"

"புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் தலைமேல நிக்கறாரு சார். நான் என்ன பண்ணட்டும்? ரீசெட் பண்ணா ஓடுதே."

"இப்ப ஓடும். ராத்திரி மொத்தமா படுத்துக்கும். அப்ப நீயா வந்து எழுப்புவ?"

கத்தியதில் உதட்டுக்குள் இருந்தது உடைந்தது. ரத்தம். ஸ்டோர் ரூமில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 14

காது மூக்கு தொண்டை நிபுணர். இவரைப் பார்க்க முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடு. தேதி வருவதற்குள் சாப்பிட முடியவில்லை, அதனால் நடுவில் ஒரு செட். இன்று டார்ச் அடித்துப் பார்த்தவர் "எங்க கொப்புளம்?" என்கிறார்.

"போன வாரம் இருந்துச்சு."

"இப்ப இல்லையே."

செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். வாய்க்குள் நானே படம் எடுத்தால் எப்படி வரும்? சிவப்பாக ஏதோ தெரிகிறது, தக்காளித் தொக்கு மாதிரி. "அடுத்த தடவ வந்தா வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஈஸ்வரி, "நான் படம் எடுத்துத் தரேன், வாயத் திற" என்றாள். வேண்டாம் என்றேன். "நாள் முழுக்க லேப்ல பூஞ்சை பாக்கறவ நான். இதப் பாத்து மயங்கி விழுந்துர மாட்டேன்" என்றாள். பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 22

கிருஷ்ணகிரி போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும் அல்லவா. கவுன்சலிங் அறையில் ஒரு அம்மா என்னென்னவோ கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை.

எச்.ஐ.வி. நெகட்டிவ். ஈஸ்வரியிடம் சொல்ல வேண்டிய விஷயம் எதுவும் இல்லை.

அக்டோபர் 4

செட். இந்த மாதம் இப்போதே இரண்டாவது.

அக்டோபர் 12

மாமனார் போன் செய்தார். ஈஸ்வரிக்கு அல்ல, எனக்கே.

எழுதி வைக்க வேண்டிய விஷயம். நாங்கள் லவ் மேரேஜ். அவள் அருப்புக்கோட்டை, நான் பாலக்கோடு பக்கம். அவர்கள் வேறு சாதி, நாங்கள் வேறு. அவர்கள் மேலே என்பது அவர்களுடைய நினைப்பு. ரிஜிஸ்டர் ஆபீசில் அவள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. மூன்று மாதம் அவள் பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லையாம். அப்புறம் அத்தை, ஈஸ்வரியின் அம்மா, மட்டும் திருட்டுத்தனமாகப் பேச ஆரம்பித்தார். இப்போது இவர்.

"மாப்ள, நான் ராமசுப்பு பேசுறேன். சங்கரேஸ்வரி அப்பா."

"சொல்லுங்க."

"தலை தீவாளிக்கு ரெண்டு பேரும் வந்துருங்க. முறைனு ஒண்ணு இருக்குல்ல. நடந்தது நடந்துபோச்சு."

சரி என்றேன். ஈஸ்வரி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் வந்து கட்டிக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காரணம் தெரிந்ததுதான். அவள் கையை எடுத்துவிட்டாள்.

அக்டோபர் 19

சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே வாய்நோய்க்கென்றே தனிப் பிரிவு இருப்பது இப்போதுதான் தெரிந்தது. டாக்டர் நஸீமா. பெரிய கண்ணாடி, சளசளப்பு இல்லாத பேச்சு. எனக்குப் பிடித்தது.

கன்னம், நாக்கின் அடி, ஈறு, தொண்டை என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஆறிய தழும்புகளை மாணவர்களுக்குக் காட்டினார்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"எதுவும் இல்ல."

"மெடிக்கல்ல வாங்கினது?"

"அது... செட்டு."

"கையில இருக்கா?"

இருந்தது. பையில் எப்போதும் ஒரு கவர் வைத்திருப்பேன். மேஜையில் கொட்டி, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் விரலால் தள்ளி வைத்தார்.

"இது ஸ்டீராய்டு. இதப் போட்டா அமுங்கும். நிறுத்தினா இன்னும் ஜாஸ்தியா வரும். எப்பெல்லாம் போடுவீங்க?"

"டாக்டரப் பாக்கறதுக்கு முன்னாடி. வலி தாங்காம."

"அப்ப இதுவரைக்கும் ஒரு டாக்டர்கூட உங்க நோய முழுசாப் பாக்கல. உங்க மெடிக்கல்காரர் துடைச்சு வெச்ச வாயத்தான் பாத்திருக்காங்க."

மாதப்பனைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அவனாவது சூப்பர்வைசருக்குப் பயந்து அமுக்கினான். அலாரம் என்ன சொல்கிறது என்று பார்க்க விடாமல் இரண்டு மாதமாக நானே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், பணம் கொடுத்து.

இனி எந்த மாத்திரையும் கூடாது. கொப்புளம் வரட்டும். புதிதாக, உடையாமல் எழுந்ததும் கையே வைக்காமல் அன்றைக்கோ மறுநாளோ வந்துவிட வேண்டும். பக்கத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்: புதுக் கொப்புளம் எழுந்தால் உடனே வரவும். போன் நம்பரும்.

"தொத்துமா?" என்று கேட்டேன்.

"பாத்த வரைக்கும் அப்படித் தெரியல. ஆனா என்னன்னு தெரியாம நான் எப்படி உறுதியாச் சொல்றது?"

உறுதியாகச் சொல்ல முடியாதாம். அப்படியென்றால் டம்ளர் தொடர வேண்டியதுதான்.

ஈஸ்வரியிடம் கம்பெனி வேலையாகச் சேலம் போனேன் என்று சொன்னேன். தீபாவளி முடியட்டும். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இருக்கிறாள், எதற்குக் கெடுப்பானேன்.

அக்டோபர் 24

செட் இல்லாமல் இருக்கிறேன். டாக்டர் சொன்னது சரி, முன்பைவிட ஜாஸ்தி. எல்லாம் உடைந்த புண், ஒன்றும் புதிதாக எழவில்லை. ரசம் சாதம் எரிகிறது. உப்பு எரிகிறது. பாலில் ஊறப்போட்ட இட்லியை விழுங்கினேன். பல் தேய்க்க வேப்பங்குச்சியும் வேண்டாம், பேஸ்ட்டும் வேண்டாம், வெறும் தண்ணீர்.

"நான் சமைக்கிறது பிடிக்கலன்னா நேரா சொல்லிரு" என்றாள் ஈஸ்வரி.

"வயிறு சரியில்ல" என்றேன்.

அக்டோபர் 30, அருப்புக்கோட்டை

வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாம் சுவரோரம் நின்று என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன்.

அத்தை காபி கொண்டுவந்தார். புது டம்ளர், புது டவரா, ஸ்டிக்கர் பசைகூடப் போகவில்லை. நான் பையைத் திறந்து என் டம்ளரை எடுத்து, காபியை அதில் ஊற்றிக்கொண்டு, அவருடையதைத் திருப்பிக் கொடுத்தேன். நேற்றிரவே யோசித்து வைத்ததுதான். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யாருக்கும் எதுவும் வந்துவிடக் கூடாது.

அத்தை காலி டம்ளரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார், பிறகு உள்ளே போய்விட்டார். மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஈஸ்வரி என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன காரியம்டா பண்ணின?"

"என்ன பண்ணேன்?"

"எங்கம்மா உனக்குன்னு கடைக்குப் போய் வாங்கினது அது. நாங்க உனக்குத் தனி டம்ளர் வச்சிருவோம்னு நீயே முன்கூட்டிக் கொண்டு வந்துட்டியாம். செருப்பால அடிச்ச மாதிரி இருக்குன்னு அழுவுது."

அப்போதுதான் உறைத்தது. டம்ளர் என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? டீக்கடை வெளித் தூணில் தொங்குகிற டம்ளரைத் தானே கழுவிக் குடித்துவிட்டு மாட்டிய ஆளின் மகன் நான். அந்த நினைப்பே வரவில்லை. வாயைத் தவிர வேறு எதையும் யோசிக்காமல் இத்தனை மாதம் ஓடியிருக்கிறது.

"அப்படி இல்ல" என்றேன்.

"அப்ப எப்படி?"

சொல்லியிருக்கலாம். கீழே பிள்ளைகள் பட்டாசு கொளுத்த ஆரம்பித்தார்கள்.

அக்டோபர் 31

விடியற்காலை எண்ணெய்க் குளியல். அத்தை தலையில் எண்ணெய் வைத்தார், ஆனால் முகம் பார்க்கவில்லை.

புதுத் துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் மாமனார் தீபாவளி லேகியக் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் இந்த வழக்கம் இல்லை. ஓமம், மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாம் நெய்யில் கிளறிய கறுப்பு உருண்டை. வழக்கமாக அத்தைதான் எல்லோருக்கும் கையில் கொடுப்பாராம். இவர் ஒரு உருண்டையை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"கையில குடுங்கப்பா" என்றாள் ஈஸ்வரி.

"நீ சும்மா இரு. மாப்ள, ஆக் காட்டுங்க. என் கையால வாங்கிக்கிடுங்க."

சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். நேற்றைய டம்ளருக்கு அந்த மனுஷன் கொடுக்கிற பதில் அது. எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன்.

மிளகும் திப்பிலியும் புண்ணில் பட்டதும் கண் இருட்டிவிட்டது. விழுங்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். சத்தியமாக முயற்சி செய்தேன். முடியவில்லை. எழுந்து ஓடி முற்றத்துக் குழாயடியில் துப்பினேன்.

திரும்பிப் பார்த்தால் மாமனார் அதே இடத்தில் நிற்கிறார். நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை, விரலில் லேகியம்.

"எங்க தண்ணியும் எறங்காது, எங்க கை சோறும் எறங்காது. அப்புறம் எங்க மக மட்டும் எதுக்கு?"

ஈஸ்வரியின் தம்பிதான் குழாயடிக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "யப்பா, ரத்தம்."

மாமனாரின் முகம் மாறியது. கோபம் போய்ச் சந்தேகம் வந்தது. மகளிடம் கேட்டார். "மாப்ளைக்குப் போயிலை, பாக்கு, எதாச்சும் பழக்கம் உண்டா? என்ன சீக்கு இது?"

ஈஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் எதையும் சொன்னதில்லையே. ஆனாலும் ஒரு வினாடிகூட யோசிக்காமல் சொன்னாள்: "ஒரு பழக்கமும் இல்லப்பா. எல்லாம் எனக்குத் தெரியும். வைத்தியம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

மாடிக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"இப்ப உனக்காகப் பொய் சொல்லிட்டு வந்துருக்கேன். உக்காரு. வாயத் திற."

திறந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபில் பூஞ்சைத் தட்டைப் பார்ப்பது போலத்தான் ஆரம்பித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இதோடயா சாப்பிட்ட? இதோடயா தெனம் வேலைக்குப் போன?"

எல்லாவற்றையும் சொன்னேன். மெடிக்கல் செட், சேலம், கிருஷ்ணகிரி ரத்தப் பரிசோதனை, டம்ளர், ஹால். மெஷின் ரிப்போர்ட் படிப்பது மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப என் மேல வெறுப்பு இல்ல?"

"உன் மேலயா? எதுக்கு?"

"எதுக்கா? ஜூன்லருந்து கிட்ட வர மாட்டேங்கற. தட்டு தனி, டம்ளர் தனி, படுக்கை தனி. எங்க வீட்டாளுங்க உன்ன நடத்தின விதத்துக்கு என்னைப் பழி வாங்கறன்னு நெனச்சேன். தீவாளி முடிஞ்சு இங்கயே இருந்துக்கலாமான்னு எங்கம்மாட்ட நேத்துதான் கேட்டேன்."

தொற்றிவிடக் கூடாது என்றுதான் தள்ளி வைத்தேன் என்றேன்.

"அதச் சொல்ல என்ன கேடு உனக்கு?"

மத்தியானம் அவளே மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னாள். "நாக்குக்கு அடியில ஒண்ணு புதுசா இருக்கு. உடையல." டாக்டர் நஸீமாவுக்குப் போன் செய்ததும் அவளே. நாளைக்கு டியூட்டியில்தான் இருக்கிறாராம், வரச் சொன்னார்.

நாளைதான் இந்த வீட்டில் கறி விருந்து. புது மாப்பிள்ளைக்கென்று ஆடு சொல்லி வைத்து, மறுபடி பேச ஆரம்பித்த சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்திருக்கிறார்கள்.

"விருந்து முடிஞ்சு போகலாம்" என்றேன்.

"அதுக்குள்ள உடைஞ்சுரும். கெளம்பு."

நவம்பர் 1

விடியும் முன்னே கிளம்பினோம். ஈஸ்வரி அவள் அப்பாவிடம் "ஆஸ்பத்திரிக்குப் போகணும்பா" என்று மட்டும் சொன்னாள். "வந்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. நெசந்தான அது." அவர் திரும்பிக்கொண்டார். அத்தை மட்டும் தெருமுனை வரை வந்து ஒரு பிளாஸ்கைக் கொடுத்தார், ஆறவைத்த கஞ்சி.

மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல். வழியெல்லாம் வாயைத் திறக்காமலே வந்தேன். பேசினால் உடைந்துவிடுமோ என்று அவளும் என்னைப் பேச விடவில்லை. ஏதாவது சொல்ல வாயெடுத்தால் தொடையில் கிள்ளினாள்.

உடையவில்லை. டாக்டர் பார்த்ததும், "பரவாயில்ல, பத்திரமா கொண்டு வந்திருக்கீங்க" என்றார். இரண்டு துண்டு எடுத்தார். ஊசியும் தையலும் ஒரு பொருட்டே இல்லை.

ஈஸ்வரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான்: அப்பா இலையில் உட்காரவே இல்லை.

நவம்பர் 11

பெம்பிகஸ்.

புற்று இல்லை. தொற்றாது. இரண்டையும் டாக்டரிடம் தனித்தனியாக, வேறு வேறு விதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தோலில் செல்லும் செல்லும் ஒட்டியிருக்க ஒரு பசை மாதிரி இருக்கிறதாம். என் உடம்பே அதை எதிரி என்று நினைத்துக் கரைக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. சாப்பாடு, சூடு, ஓவன், பல் ஒன்றும் காரணம் இல்லை.

"குணமாகுமா?"

"அடக்கலாம். சில பேருக்கு வருஷக்கணக்கா வராமலே இருக்கும். சில பேருக்குத் திரும்ப வரும். உடம்புத் தோல்லயும் வரலாம், அதனால தெனம் பாத்துக்கணும். மருந்த நீங்களா கூட்டவோ நிறுத்தவோ கூடாது. இந்த மருந்து இல்லாத காலத்துல இந்த நோய் வந்தவங்க பொழைக்கல, அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க."

மருந்து எது என்று பார்த்தால் அதே குடும்பத்துச் சின்ன வெள்ளை மாத்திரை. காலையில் எட்டு. இனி முகம் வீங்கும், சர்க்கரை ஏறலாம், எலும்பு பலவீனமாகலாம். அடுத்து இன்னொரு மருந்தும் சேர்ப்பார்களாம்.

நான் கேட்க நினைக்காத ஒன்றை ஈஸ்வரி கேட்டாள். "குழந்தை, டாக்டர்?"

"இப்போதைக்குத் தள்ளிப்போடுங்க. அடுத்த மருந்து என்னன்னு முடிவானதும் பேசுவோம்."

அவள் தலையாட்டினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஓசூர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

நவம்பர் 13

நேராகப் பேசிவிடுவது நல்லது என்று பேசினேன். நோயின் பெயர் தெரிந்துவிட்டது, எப்படிப் போகும் என்பது தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் வந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன். இப்போதுதான் வந்தது, அதற்காக நீ மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஊருக்குப் போ, யோசி, முடிவெடு. எந்த முடிவானாலும் எனக்குச் சம்மதம்.

"சம்மதமா?" என்றாள். "அப்ப நான் போனா உனக்கு ஒண்ணுமில்ல?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொன்ன. எங்கப்பன் சாதியச் சொல்லிப் பிரிக்கப் பாத்தாரு. நீ சீக்கச் சொல்லிப் பிரிக்கிற. ரெண்டு பேருக்கும் நான் ஒரு மனுஷியாவே தெரியல."

இரவு பஸ்ஸில் போய்விட்டாள்.

நவம்பர் 14

மாத்திரை எட்டு. போட்டேன்.

நவம்பர் 16

எட்டு. கன்னம் ஆறி வருகிறது. தயிர் சாதம் இறங்குகிறது. சாப்பிடத் தோன்றவில்லை.

முதுகில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க முயன்றேன். தெரியவில்லை. கட்டிலில்தான் படுக்கிறேன்.

நவம்பர் 18

மாமனாருக்கு நானே போன் செய்தேன். எதற்கு என்று தெளிவாகத் தெரியவில்லை.

"மாமா, பூவரசன் பேசறேன். என் நோய் என்னன்னு நானே உங்ககிட்டச் சொல்லணும்னு நெனச்சேன்."

சொன்னேன். பெயர், காரணம், மருந்து. நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒட்டுமா?"

"ஒட்டாது. ஆனா அன்னைக்கு எனக்கு அது தெரியாது. உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒட்டிருமோன்னுதான் டம்ளர் கொண்டு வந்தேன். லேகியத்த விழுங்கத்தான் பாத்தேன். முடியல."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல மாப்ள."

"ஆமா."

"என் வீட்ல நாலு பேர் முன்னால நான் தலகுனிஞ்சு நின்னேன்."

"ஆமா மாமா."

"ம். வச்சிரவா?"

வைத்துவிட்டார். ஈஸ்வரி பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. கொஞ்சம் கழித்து அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: அவள் இல்லாமல் எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். அனுப்பிய பிறகுதான் யாருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று யோசித்தேன். அழிக்கலாம் என்று பார்த்தால் படித்துவிட்டார்கள் என்று நீல டிக் விழுந்துவிட்டது.

நவம்பர் 21

காலையில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். ஈஸ்வரி, தோளில் பை, கலைந்த தலை.

"எங்கப்பாவுக்குப் போய் அப்படி ஒரு மெசேஜ் அனுப்பிருக்க. கண்ணாடி இல்லாம படிக்க வராது அவருக்கு. எங்கம்மா சத்தமாப் படிச்சுக் காட்டுச்சு, என் தம்பி முன்னாடி. மானமே போச்சு."

"நீ போன எடுக்கல."

"நீ போனே பண்ணலடா."

உண்மைதான். அவளுக்கு நான் ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை.

"அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பஸ் ஏத்திவிடவும் வரல." பையைக் கீழே வைத்தாள். "குழந்தை விஷயம் எனக்கு இன்னும் ஆறல. அதுக்கு நான் அழுவேன். அழும்போது முடிவெடு, யோசின்னு ஆரம்பிச்சன்னா கொன்னுருவேன். பக்கத்துல உக்காரு, போதும்."

சரி என்றேன்.

"சட்டையக் கழட்டு. முதுகப் பாக்கணும்ல."

பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றாள். திரும்பி நின்றதும் என் முகத்தைப் பிடித்தாள். முகம் இப்போதே கொஞ்சம் உப்பத் தொடங்கிவிட்டது, அவள் கண்ணில் அது தெரிந்தது. முத்தம் கொடுத்தாள். நான் விலகவில்லை.

எரிந்தது.

"எரியுது" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.